கீழே இன்னும் வரிகள் இருக்கின்றன

நடுக்கோடைத் திருநாளுக்கான வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் தம்பெரே நகரத்தில் யாரும் இருப்பதில்லை. கடைகள் சாத்திவிடும். டிராம் காலியாக ஓடும். நாய்கள்கூட ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட மதியத்தில், பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது தைமிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

விளக்கு ஒருமுறை அணைந்து, பிறகு மங்கலாக எரிந்தது. வெளியே எங்கோ இடி உருண்டது.

"கரண்ட் போயிட்டு வந்திருக்கு. தானா கிளம்பும் பாரு," என்றான் ரிஸ்தோ.

கிளம்பவில்லை.

இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே அறையில் வேலை செய்கிறவர்கள். நாடு முழுக்க ஓடும் லிஃப்டுகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் வலைப்பக்கங்களைச் செய்வதுதான் வேலை. எதைச் செய்ய வேண்டும், எதை அடுத்த வருஷத்துக்குத் தள்ள வேண்டும் என்று முடிவெடுப்பவன் ரிஸ்தோ. உட்கார்ந்து எழுதி முடிப்பவள் தைமி. இன்றைக்கும் எல்லாரும் போன பிறகு ஏதோ ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகக் கிளம்பியவர்கள் அவர்கள்தான். ரிஸ்தோவின் தோளில் துணிப்பை. அதற்குள் புது உருளைக்கிழங்கு, வாசனைக்குப் போட, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சோயிக்கீரை, ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி.

தைமி தன் போனை மேசையில் சார்ஜில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ரிஸ்தோ தன் போனைக் கூரைக்குத் தூக்கிப் பிடித்தான், தரைக்கு இறக்கினான், கதவிடுக்கில் ஒட்டிவைத்தான். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் ஒரு கோடுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"நம்மள யாராவது தேடுவாங்களா?" என்றாள் தைமி.

"என் பொண்டாட்டி தேடமாட்டா. காலையில சண்டை. வந்தா வருவேன், வரலன்னா ஆபீஸ்லயே கிடப்பேன்னு சொல்லிட்டு போனை வச்சேன். உனக்கு?"

"அக்காகிட்ட 'பாக்கலாம்'னு சொல்லியிருக்கேன். நான் 'பாக்கலாம்'னு சொன்னா வரமாட்டேன்னுதான் அவளுக்கு அர்த்தம்."

"அப்ப திங்கக்கிழமை வரைக்கும் இந்தக் கட்டடத்துல நாமதான்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு அந்தச் சொற்கள் பெட்டிக்குள்ளேயே நின்றன, போக இடமில்லாமல்.

தைமி மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். எங்கோ போன் மணி அடித்தது. பிறகு சுவரிலிருந்து ஒரு வயதான ஆண் குரல், கரகரப்பாக, அவசரமே இல்லாமல் வந்தது.

"வணக்கம். லிஃப்ட் உதவி மையம், குவோப்பியோ. நான் வெய்க்கோ பேசறேன். சொல்லுங்க."

"நாங்க ரெண்டு பேரு மாட்டிக்கிட்டோம். தம்பெரேயில, பழைய பஞ்சாலை..."

"ஹலோ? யாராவது இருக்கீங்களா?"

"இருக்கோம்! கேக்குதா?"

"ஹலோ... சரி. பேச முடியலன்னாலும் பரவாயில்ல. உங்க லிஃப்ட் இதோ என் திரையில வந்துருச்சு. போரி, சந்தைத் தெரு. பக்கத்துலயே நம்ம ஆள் ஒருத்தன் இருக்கான், அனுப்பறேன். பயப்படாதீங்க."

"போரியா?" என்றான் ரிஸ்தோ.

போரி மேற்கே, கடலோரத்தில் இருக்கிறது. வண்டியில் போனாலும் இரண்டு மணி நேரம் ஆகும்.

இருவரும் சேர்ந்து கத்தினார்கள். சுவரில் ஒலிவாங்கிக்காகப் போட்டிருந்த பொடித் துளைகள் மேல் வாயை வைத்துக் கத்தினார்கள். தைமியின் உதட்டில் ஏதோ செதிலாக ஒட்டியது. விரலால் துடைத்துப் பார்த்தாள். வெளிர் சாம்பல் நிறப் பெயிண்ட். போன வாரம் உள்சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தவர் அந்தத் துளைகளையும் விட்டுவைக்காமல் நிரப்பியிருந்தார். ரிஸ்தோ சாவிமுனையால் குத்திப் பார்த்தான். மேலே தோல்போல உரிந்தது. உள்ளே கல்லாக இறுகியிருந்தது.

"அவரு பேசறது நமக்குக் கேக்குது, நாம பேசறது அவருக்குக் கேக்காது," என்றாள் தைமி.

"அது புரியுது. ஆனா போரி எப்படி வந்துச்சு? நீ எழுதின வலைப்பக்கத்தைப் பாத்துத்தானே அந்த ஆளு சொல்றாரு?"

அவள் எழுதிய பக்கம்தான். கதவு திறந்தது, கதவு மூடியது, பொத்தான் அழுத்தியது, நின்றது, கிளம்பியது என்று ஒவ்வொரு லிஃப்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் எல்லாமே வரிவரியாக ஒரே பட்டியலில் வந்து சேரும். புதியது எப்போதும் அடியில். லட்சக்கணக்கான வரிகள். அத்தனையையும் ஒரே பக்கத்தில் எழுதினால் எந்தக் கணினியும் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் தைமி ஒரு தந்திரம் செய்திருந்தாள். திரையில் எத்தனை வரிகள் தெரியுமோ அத்தனையை மட்டும்தான் அந்தப் பக்கம் எழுதும். ஆள் கீழே உருட்ட உருட்ட, மேலே மறைந்ததை அழித்துவிட்டு அடுத்து வரப்போவதை எழுதும். ஓடும் ரயிலின் ஜன்னலுக்கு நேராக மட்டும் மரங்களை நட்டு, ஜன்னல் தாண்டியதும் பிடுங்கி, மறுபடி முன்னால் ஓடிப்போய் நடுகிற தோட்டக்காரனைப் போல. மற்ற வரிகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் உயரம். ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் காடு முழுவதும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

அந்தப் பக்கத்தின் வேகத்தைப் பார்த்து மேலிடத்தில் கைதட்டினார்கள். தைமிக்கு அந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

"எச்சரிக்கை மணி வந்தா பட்டியல் தானா அந்த வரிக்குக் குதிக்கும். நம்ம வரி கடைசியில இருக்கு. ஆனா அவரு கடைசிக்குப் போகல. நடுவுல எங்கயோ நின்னுட்டு, அங்க இருக்கற ஏதோ ஒரு போரி லிஃப்டை நம்மளதுன்னு நினைச்சுட்டாரு."

"ஏன் நின்னுச்சு?"

"தெரியல. ஒரு பக்கம் இவ்வளவு உயரம்தான் வளரலாம்னு பிரவுசருக்கு ஒரு வரம்பு இருக்கு. அதைத் தாண்டினா சத்தமில்லாம வெட்டிடும். ஆனா நான் அளந்துதான் வச்சிருக்கேன் ரிஸ்தோ. வாராவாரம் பழசைக் கழிச்சிடறோம். வரம்புல பாதி உயரம்கூட வராது."

"இன்னைக்கு இடி மின்னல். எல்லா லிஃப்டும் நின்னு கிளம்பியிருக்கும்."

"கூடியிருக்கும். பாதிக்குக் கொஞ்சம் மேல போயிருக்கும். அதுக்கே எப்படி வெட்டும்?"

ரிஸ்தோ தரையில் உட்கார்ந்தான். "வரிசையைத் தலைகீழா மாத்திப் பாத்தா நாமதானே முதல்ல வருவோம்? ஒரு கிளிக்."

"அதுக்குப் பொத்தான் வேணும்னு நான் கேட்டேன். இலையுதிர் காலத்துக்குத் தள்ளு, இப்ப அவசரமில்லன்னு யாரு சொன்னது?"

அவன் ஸ்ட்ராபெரிப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான்.

தைமி மறுபடி பொத்தானை அழுத்தினாள். மறுபடி. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பட்டியலின் அடியில் இன்னொரு வரி சேரும் என்று அவளுக்குத் தெரியும். யாரும் போக முடியாத அடியில், ஒன்றன்கீழ் ஒன்றாக. அவள் எவ்வளவு கூப்பிடுகிறாளோ அவ்வளவு கீழே போய்க்கொண்டிருந்தாள்.

"போரி அன்பரே, பொத்தானை விட்டுடுங்க. ஆள் கிளம்பிட்டான். அழுத்தறதுனால கார் வேகமா ஓடாது," என்றது சுவர்.

காத்திருந்தார்கள். பெயிண்ட் வாசனை தலையைச் சுற்றவைத்தது. கூரையிலிருந்த மூடியை ரிஸ்தோ எம்பி எம்பிக் கையால் தள்ளிப் பார்த்தான். அது வெளியிலிருந்து மட்டும் திறக்கும் வகை. கதவிடுக்கில் விரல்விட்டு இழுத்தார்கள். ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. எதிரே செங்கல் சுவர். நூறு வருஷத்துக்கு முந்தைய செங்கல், நடுவில் சுண்ணாம்பு வழிந்து உறைந்திருந்தது. தைமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்க்க முடியாமல் கதவை மூடினாள்.

சுவர் பேசியது. இந்தத் தடவை குரலில் எரிச்சல்.

"போரியிலிருந்து நம்ம ஆள் கூப்பிட்டான். லிஃப்ட் ஜம்முன்னு மேல கீழ போய்ட்டு வருதாம். ஒரு அம்மா ஊறவச்ச மத்தி மீனும் கையுமா உள்ள வந்து, திருநாள் வாழ்த்துன்னுட்டுப் போனாங்களாம். அவன் என்னைத் திட்டறான். அதனால இதை விளையாட்டு மணின்னு எழுதி மூடப்போறேன். யாரா இருந்தாலும், நல்லா இருங்க."

"மூடாதீங்க!" தைமி இரண்டு கையாலும் சுவரை அறைந்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள், விட்டாள்.

"என்ன பண்ற? அவருக்குத் தெரியவா போகுது?"

"வரி தெரியாது. ஆனா பக்கத்துக்கு மேல மொத்த வரி எண்ணிக்கைன்னு ஒரு பெட்டி இருக்கு. அது பட்டியலுக்கு வெளிய. அது எப்பவும் சரியா இருக்கும்."

"அதை யாரு பாக்கறா?"

யாரும் பார்ப்பதில்லை. அதை அந்த இடத்தில் வைத்ததே காலியாக இருந்ததால்தான். தைமி நிறுத்தாமல் அழுத்தினாள். விரல் நுனி வெளுத்தது.

சுவரில் நாற்காலி கிரீச்சிடும் சத்தம். வெய்க்கோ இப்போது வேறு யாருடனோ பேசினார்.

"மிர்யா, இங்க வாயேன். இந்த நம்பரைப் பாரு. நான் ஒன்னுமே தொடல, ஏறிக்கிட்டே போகுது."

"மத்த லிஃப்டெல்லாம் அனுப்புதுல்ல, அதான்," என்றது தூரத்தில் ஒரு பெண் குரல்.

"இடியெல்லாம் எப்பவோ நின்னுடுச்சு. இது டொக் டொக் டொக்குனு ஒன்னொன்னா ஏறுது. கதவைத் தட்டற மாதிரி."

தைமி அழுத்துவதை நிறுத்தினாள்.

"நின்னுடுச்சு!" என்றார் வெய்க்கோ.

தைமி ஒருமுறை அழுத்தினாள்.

சுவரில் நாற்காலி முன்னால் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு குரல் பக்கத்தில் வந்தது, முன்னைவிட மெதுவாக.

"நான் பேசறது கேக்குதுன்னா இன்னொரு தடவை அழுத்துங்க."

அழுத்தினாள்.

"அடக் கடவுளே. மிர்யா, காப்பி அப்புறம். உள்ள நிஜமாவே ஆள் இருக்கு." அவர் தொண்டையைச் செருமினார். "சரிங்க. ஆமான்னா ஒன்னு, இல்லன்னா ரெண்டு. நீங்க போரியிலயா இருக்கீங்க?"

இரண்டு.

"இல்ல. அப்ப இந்தத் திரை பொய் சொல்லுது. நல்லது. யாருக்காவது அடி, மயக்கம்?"

இரண்டு.

"சுவத்துல லிஃப்ட் நம்பர் போட்ட தகடு இருக்கா? இருந்தா அதைத் தட்டிக் காட்டுங்க. நம்பர் இருந்தா தேடி எடுத்துடுவேன்."

தைமி திரும்பிப் பார்த்தாள். தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகுத் துளைகள். பெயிண்ட் அடித்தவர் தகட்டைக் கழற்றி வைத்திருக்கிறார், மாட்ட மறந்திருக்கிறார்.

இரண்டு.

"தகடும் இல்லையா? என்ன லிஃப்டுங்க அது?" வெய்க்கோ பெருமூச்சு விட்டார். "மேற்குப் பக்கம் முழுக்க என் பொறுப்பு. தெருத் தெருவா நான் பேர் சொல்லி, நீங்க தட்டி... விடிஞ்சுடும். நீங்க இந்தப் பட்டியலோட அடியிலதான் இருக்கணும். ஆனா அடிக்குப் போக முடியல. மவுஸ் சக்கரத்தை உருட்டறேன், ஓரத்துப் பட்டை கீழ போய் முட்டி நின்னுடுது. போரிதான் கடைசி. அதுக்குக் கீழ ஒன்னுமில்லங்குது."

"கீழே இன்னும் இருக்கு," என்றாள் தைமி. கேட்காது என்று தெரிந்தே சொன்னாள்.

"இது முதல் தடவையும் இல்ல," என்றார் வெய்க்கோ, மிர்யாவிடம். "வசந்தத்துல புயல் அடிச்சப்பவும் இப்படித்தான் ஆச்சு. அப்பவே எழுதிப் போட்டேன். கடைசி வரிகள் வரலை, பாருங்கன்னு. என்ன பதில் வந்துச்சு தெரியுமா? 'சோதித்துப் பார்த்தோம். எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது.' அவ்வளவுதான். முடிச்சாச்சு."

ரிஸ்தோ தைமியைப் பார்த்தான். தைமி தரையைப் பார்த்தாள். அந்தக் கடிதம் அவளுக்கு நினைவில்லை. பதில் மட்டும் நினைவிருந்தது. அப்படிப்பட்ட பதில் அவள் நிறைய எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே சோதித்துவிட்டுத்தான் எழுதினாள். தன் மேசையில், தன் திரையில்.

"அவங்க பக்கம் சரியாத்தான் இருக்கும்," என்றாள் மிர்யா. இப்போது அவள் அருகில் வந்துவிட்டிருந்தாள். "அவங்க எல்லாம் சின்னப் பசங்க. உங்களை மாதிரி கல்லறைக் கல்லு சைஸுக்கா எழுத்து வச்சிருப்பாங்க? இந்தத் திரையில பத்து வரிகூடத் தெரியல. அறைக்கு அந்தப் பக்கம் இருந்தே நான் படிச்சுடுவேன்."

"என் கண்ணு, என் எழுத்து. உனக்கென்ன?"

தைமி எழுந்து நின்றாள்.

"என்ன?" என்றான் ரிஸ்தோ.

"எழுத்தைப் பெருசாக்கி வச்சிருக்காரு ரிஸ்தோ. ரெண்டு மடங்காவது இருக்கும்."

"அதனால?"

"எழுத்து பெருசானா வரியும் உயரமாகும். எல்லா வரியும். மொத்தப் பக்கமும் ரெண்டு மடங்கு உயரம். நான் வரம்புல பாதின்னு அளந்தது என் கண்ணுக்கு. அவரு கண்ணுக்குப் பட்டியல் முழுசா வரம்பைத் தொட்டுடும். இன்னைக்கு இடியில வந்த வரியெல்லாம் மேல ஏறினதும் வெட்டிடுச்சு. நாம வெட்டுப்பட்ட பகுதியில இருக்கோம்."

"சொல்லு அவருகிட்ட!"

"எப்படி?" என்று அவள் அலறினாள். பிறகு பொத்தான் மேல் பாய்ந்தாள். ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.

"ஏங்க, நான் ஒன்னும் கேக்கலையே," என்றார் வெய்க்கோ. "என்ன ஆமாம்? மிர்யா, நாம என்ன பேசிட்டிருந்தோம்?"

"காப்பி?"

இரண்டு.

"சின்னப் பசங்க?"

தைமி தயங்கினாள். இரண்டு.

"கல்லறை?"

"போதும் மிர்யா, பயந்துடப் போறாங்க."

இரண்டு, இரண்டு.

"கண்ணு?"

தைமியின் விரல் பொத்தான் மேலேயே நின்றது. அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. ரிஸ்தோ முட்டிபோட்டுச் சுவரை நோக்கி, "எழுத்து, எழுத்து, எழுத்து," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான், மந்திரம் போல.

"எழுத்தா?" என்றார் வெய்க்கோ.

ஒன்று. பெட்டி அதிரும்படி ஒன்று.

"எழுத்து. என் எழுத்து பெருசா இருக்கறது பத்தியா?"

ஒன்று.

"சின்னது பண்ணணுமா?"

ஒன்று.

"இவருக்கு என் எழுத்து சைஸ் எப்படிப் பிரச்சனையாகும்?" என்று முனகிக்கொண்டே அவர் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தட்டல். இன்னொன்று. இன்னும் ஒன்று. "எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடுச்சு. எனக்கு ஒன்னும் தெரியல. கண்ணாடி கார்ல கிடக்கு. மிர்யா, நீ பாரு."

சக்கரம் உருளும் சத்தம் அவர்களுக்குக் கேட்டதா, அல்லது தைமி கேட்டதாக நினைத்துக்கொண்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஜன்னலுக்கு நேராக மரங்கள் ஓடிவந்து நின்றுகொண்டிருக்கும். போரியைத் தாண்டி. இதுவரை யாரும் பார்க்காத பக்கம்.

"போகுது வெய்க்கோ," என்றாள் மிர்யா. "கீழ போகுது. இன்னும் போகுது. அம்மாடி, எத்தனை வரி! இதோ கடைசி. பொத்தான், பொத்தான், பொத்தான், பொத்தான்... ஒரே லிஃப்ட். தம்பெரே. பழைய பஞ்சாலை, வடக்குப் படிக்கட்டுப் பக்கம்."

"தம்பெரே. பழைய பஞ்சாலை," என்றார் வெய்க்கோ ஒவ்வொரு சொல்லாக. "சரிதானா?"

தைமி ஒருமுறை அழுத்தினாள். ரிஸ்தோ பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் துணிப்பையைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தான், அல்லது அழுதான். சோயிக்கீரை அவன் காதில் உரசியது.

வெய்க்கோ போனில் யாருடனோ பேசிவிட்டுத் திரும்பினார்.

"தம்பெரே ஆள் குடிலுக்குப் போயிட்டான். நீராவிக் குளியலுக்குச் சானாவை மூட்டியாச்சு, இப்பதான் உள்ள உக்காந்தேன்னு சொல்றான். திட்டிட்டுக் கிளம்பறான். கொஞ்ச நேரம் ஆகும், ஆனா வருவான். அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன். வேற வேலையும் இல்ல."

ஒன்று.

விளக்கு இன்னும் மங்கலாகத்தான் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அதே செங்கல். பெட்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ரிஸ்தோ கடைசி ஸ்ட்ராபெரியை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாதியை நீட்டினான்.

"ஒன்னு மட்டும் எனக்குப் புரியல," என்றது சுவர். "உள்ள மாட்டிக்கிட்டு இருக்கற ஆளுக்கு, என் திரையில எழுத்து பெருசுன்னு எப்படித் தெரியும்? நாங்க பேசினது கேட்டுச்சு, சரி. ஆனா அதைச் சின்னது பண்ணினா பட்டியல் கீழ போகும்னு? எனக்கே தெரியாது. மிர்யாவுக்குத் தெரியாது. அதை எழுதின பசங்களுக்கே தெரியாது."

தைமி பாதிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். பேசினாலும் கேட்காது.

"நீங்க அந்தப் பசங்கள்ல ஒருத்தரா?"

ரிஸ்தோ அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "விடு தைமி. ஆள் கிளம்பிட்டான். திங்கக்கிழமை நாமளே சரிபண்ணிடலாம். யாருக்கும் தெரிய வேணாம்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மஞ்சள் பொத்தானைப் பார்த்தாள். மணிப் படம் அவள் விரல் பட்டுப்பட்டு ஓரத்தில் மங்கியிருந்தது. திங்கட்கிழமை இந்தக் கதவு திறந்தே இருக்கும். அவள் தன் மேசையில், தன் திரைக்கு முன்னால், தன் கண்ணுக்கு ஏற்ற எழுத்தோடு உட்கார்ந்திருப்பாள். வசந்தத்தில் வந்த கடிதம் அப்போதும் முடிந்துபோன கடிதமாகவே இருக்கும்.

மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

ஒருமுறை அழுத்தினாள்.

சுவரில் நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது.

"அப்படியா," என்றார் வெய்க்கோ கடைசியில். கோபமா, சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். "நல்லதாப் போச்சு. நான் எழுதினதை முழுசாப் படிச்சிருக்க மாட்டீங்க. இப்ப படிக்கறேன், கேளுங்க. எங்கயும் போயிட மாட்டீங்கல்ல?"

இரண்டு.